அத்திவாரக் குழியில் கிடைத்த பழங்காசுகள்: எப்படி இனங்காண்பது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுக்கு மதில் கட்ட அத்திவாரம் வெட்டியபோது பச்சை பிடித்த மூன்று உலோகத் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் பின்னிய எழுத்துகள், ஒன்றில் மனிதன் மாதிரிக் கோடுகள், ஒன்றில் நங்கூரம். புளி போட்டுத் தேய்க்கலாமா? இவை என்ன காசுகள்?

பதில்: தயவுசெய்து புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேண்டாம். பல நூற்றாண்டு மண்ணுக்குள் கிடந்த செம்பில் எழுத்து பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். புளி பட்டால் காசு பளபளக்கும், எழுத்து போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, இளகிய மண்ணை மட்டும் ஈர்க்கால் மெல்லத் தள்ளுங்கள். அப்புறம் இருட்டறையில் டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். நேரே பார்க்கையில் தெரியாத கோடும் நிழல் விழுந்து எழும்பி வரும்.

பின்னிய எழுத்து என்றால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையாக இருக்கலாம். பெரிய ஆங்கில 'வி' (V) எழுத்தின் இடக்கையில் 'ஓ' (O), வலக்கையில் 'சி' (C) கோத்திருக்கும். மறுபுறம் சிங்கமோ வேறு கேடயச் சின்னமோ இருந்தால், அது ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்த 'டொய்ட்' என்ற சிறு செப்புக் காசு. ஏறத்தாழ 3 கிராம் நிற்கும். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஆனால் முத்திரைக்கு மேலே என்ன எழுத்து என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். இலங்கையிலேயே அடித்த தடித்த, கரடுமுரடான காசுகளில் கொழும்புக்கு 'சி' (C), காலிக்கு 'ஜி' (G), திருகோணமலைக்கு 'டி' (T) என்று போட்டார்கள். 1795இல் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையைப் பிடிப்பதற்கு முன், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடித்தவை அவை. உங்கள் காசில் 'டி' இருந்தால் அது நம் ஊரின் பெயரைச் சுமக்கும் காசு. எனக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி இல்லை.

மனிதக் கோடுகள் சோழர் காலப் பாணி. ஒருபுறம் நிற்கும் அரசன், மறுபுறம் அமர்ந்த அரசன். அவன் கைப்பக்கம் நாகரி எழுத்து. இராஜராஜன் பெயரில் வந்த இதே வடிவத்தைப் பொலனறுவை மன்னர்களும் பின்பற்றினார்கள். ஆகவே உருவத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், எழுத்தைப் படிக்க வேண்டும். நந்தியும் கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்தும் இருந்தால் அது யாழ்ப்பாண அரசின் சேதுக் காசு.

நங்கூரம்? பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வளையம் ஒடிந்த தழும்பு இருந்தால் அது காசே இல்லை, கடற்படைச் சட்டைப் பொத்தான். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்ததே!

1815 மார்ச் 2க்கு முந்தியவை சட்டப்படி தொல்பொருள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படத்தோடு தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். மதில் வேலை நடக்கட்டும். காசு தேடித் தனியாகத் தோண்ட மட்டும் அனுமதிப்பத்திரம் வேண்டும்.