வாசகர் கேள்வி – பதில்: பலகைக்குள் இருக்கும் பசை

கேள்வி: புதிதாகச் செய்த அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. நெடி மாதக்கணக்கில் போகவில்லை. இது மரத்தின் வாசனைதானா?

பதில்: மரத்தின் வாசனை அன்று, பசையின் நெடி. துகள் பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), சாதாரண பிளைவுட் ஆகியவற்றைப் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் கொண்டுதான் ஒட்டுகிறார்கள். அது மலிவானது, விரைவில் இறுகுவது, கறை படியாதது. ஆனால் வெப்பமும் காற்றின் ஈரமும் சேரும்போது அதன் பிணைப்புகள் சிறிது சிறிதாகச் சிதைந்து, ஃபார்மால்டிஹைடு வாயுவை நெடுங்காலம் வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இவ்வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என 2004-இல் வகைப்படுத்தியது. முகப்பில் லேமினேட் ஒட்டியிருந்தாலும், அறுத்த விளிம்பும் கீல் பதித்த குழியும் பின்பக்கமும் மூடப்படாமல் இருந்தால் வாயு அவ்வழியே கசியும். எனவே முதலில் அவற்றை அடைத்துவிட்டு, அறையை நன்கு காற்றோட்டமாக வைத்திருங்கள்.

மரப்பலகைத் துறையின் அண்மை வளர்ச்சிகளில் நான் பெரிதாக மதிப்பது இந்தப் பசைக்கு மாற்று கண்டதைத்தான். அலையடிக்கும் பாறையை விடாமல் பற்றிக்கொள்ளும் மட்டிச் சிப்பியின் புரதத்தைக் கவனித்த ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சோயா மாவிலிருந்து ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையை உருவாக்கினார்கள். அது பிளைவுட் தயாரிப்பில் புழக்கத்துக்கும் வந்துவிட்டது. ஐசோசயனேட் பிசினும் இன்னொரு மாற்று.

கேள்வி: எஃகைவிட வலுவான மரம் செய்துவிட்டார்களாமே?

பதில்: ஓரளவு உண்மை. மேரிலாந்து பல்கலைக்கழகக் குழு 2018-இல் வெளியிட்ட முறையில், மரத்தைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைட்டும் கலந்த நீரில் கொதிக்கவைத்து, லிக்னினில் (மரநார்களைப் பிணைத்து இறுக்கும் இயற்கைப் பொருள்) ஒரு பகுதியை நீக்கி, சுமார் 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அழுத்துகிறார்கள். தடிமன் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது; இழுவலிமை (இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்கும் திறன்) 587 மெகாபாஸ்கல் வரை எட்டுகிறது. சாதாரணக் கட்டுமான எஃகை இது மிஞ்சும் என்றாலும், விறைப்பில், அதாவது வளையாமல் நிற்கும் தன்மையில், எஃகின் நான்கில் ஒரு பங்குதான். தலைப்புச் செய்திகள் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: மரத்தால் அடுக்குமாடி கட்டுகிறார்களே, தீப்பிடித்தால் என்ன ஆகும்?

பதில்: நார்வேயின் ம்யோஸ்டோர்னெட் கட்டடம் 2019-இல் 85.4 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. அதன் தூண்களும் உத்தரங்களும் பலகைகளை ஒட்டிச் செய்தவை. தடித்த மரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் என்ற சீரான வேகத்தில் கரியாகும். அந்தக் கரிப்படலம் உள்மரத்தைக் காப்பதால், தேவையான தடிமனை முன்கூட்டியே கணக்கிட முடிகிறது. குறுக்கு நெடுக்காக அடுக்கி ஒட்டிய சி.எல்.டி. பலகையில்தான் சிக்கல் எழுந்தது: சூட்டில் பசை இளகினால், கரியான அடுக்கு பெயர்ந்து விழுந்து, அடியிலுள்ள புதுமரம் மீண்டும் தீக்கு இரையாகிறது. இதனால் வட அமெரிக்கத் தர விதிகள் 2018-இல் திருத்தப்பட்டு, அத்தகைய பலகைக்கான பசை தீச்சோதனையில் இளகாமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.