பக்கத்து நாட்டில் மருத்துவம்: வாசகர் கேள்வி – பதில்

காரைக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வங்கதேச எம்.பி.பி.எஸ். பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

மகள் நீட் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். இங்கே அரசு இடம் கிடைக்கவில்லை. டாக்காவில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவதாக ஏஜென்ட் சொல்கிறார். அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா?
– ஒரு தந்தை, காரைக்குடி

செல்லும். ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளுக்கு அந்தப் படிப்பு பொருந்தியிருக்க வேண்டும். படிப்பு 54 மாதத்துக்குக் குறையக்கூடாது. ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். அதே கல்லூரியிலேயே 12 மாதப் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். படித்த நாட்டில் மருத்துவராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். வங்கதேசத்தில் 5 ஆண்டுப் படிப்பு, 1 ஆண்டுப் பயிற்சி என்பதால் கால அளவில் இடிக்காது. திரும்பி வந்ததும், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வான எஃப்.எம்.ஜி.இ.-யில் 300-க்கு 150 எடுத்து, இங்கே இன்னொரு 12 மாதம் பயிற்சி முடிக்க வேண்டும். இவை எல்லாம் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குள் முடிய வேண்டும். ஆகவே, பெயர்ப்பலகை மாட்ட ஏழு ஆண்டுக்குக் குறையாது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

“இரண்டாம் ஆண்டில் இந்தியக் கல்லூரிக்கு மாற்றிக்கொள்ளலாம்”, “கடைசிப் பயிற்சியை ஊரிலேயே பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். முழுப் படிப்பும் பயிற்சியும் ஒரே வெளிநாட்டுக் கல்லூரியில்தான் என்பது விதி. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்நாட்டு மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்பதை நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் வண்ணக் கையேட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். ப்ளஸ் டூ முடித்துச் சில ஆண்டு இடைவெளி விழுந்திருந்தால், அந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் இடைவெளிக்கு வரம்பு இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

சேர்க்கை உறுதியாகிவிட்டது. அங்கே ‘ஐட்டம்’தான் கஷ்டம் என்கிறார்கள். அது என்ன?
– மாணவி, கோட்டையூர்

அந்த நாட்டு மருத்துவப் படிப்பின் முதுகெலும்பே அதுதான். ஒரு பாடத்தைச் சிறு சிறு தலைப்புகளாகப் பிரித்திருப்பார்கள். உடற்கூறியலில் தோள்பட்டை எலும்பு ஓர் ஐட்டம், மேல்கை எலும்பு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆசிரியர் முன்னால் நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். பத்துக்கு ஆறு வாங்கினால்தான் தேர்ச்சி. சில ஐட்டங்கள் சேர்ந்தால் ஒரு ‘கார்டு’ தேர்வு, கார்டுகள் முடிந்தால் ‘டேர்ம்’, அதன்பின் பல்கலைக்கழகம் நடத்தும் ‘ப்ரொஃப்’. ஐந்தாண்டில் மொத்தம் நான்கு ப்ரொஃப்.

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். ஒரு வாரம் ஊருக்கு வந்துவிட்டுப் போனால் நாலைந்து ஐட்டம் ‘பெண்டிங்’ ஆகிவிடும். அவற்றை முடிக்காமல் கார்டு எழுத விடமாட்டார்கள். கார்டு நின்றால் டேர்ம் நிற்கும், டேர்ம் நின்றால் ப்ரொஃப் பட்டியலில் பெயர் வராது. ஒரு ப்ரொஃப் தவறினால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். கூடவே 75 சதவீத வருகையும் கட்டாயம். தேர்ச்சி மதிப்பெண் 60 சதவீதம். எழுத்து, வாய்மொழி, செய்முறை மூன்றிலும் தனித்தனியாக அதை எடுக்க வேண்டும். எழுத்தில் 80 வாங்கி வாய்மொழியில் 55 என்றால் தோல்விதான். நம் பிள்ளைகள் எழுத்தில் கெட்டி, வாய் திறந்து சொல்வதில் கூச்சம். ஆகவே முதல் நாளிலிருந்தே அறைத் தோழியிடம் உரக்கச் சொல்லிப் பழகுங்கள். பெண்டிங் விழுந்தால் அதே வாரத்தில் நேரம் கேட்டு முடித்துவிடுங்கள்.

வகுப்பு ஆங்கிலம், வார்டில் நோயாளி பேசுவது வங்காளம். “கோதாய் பேத்தா?” (எங்கே வலி?), “கோதோ தின் தோரே?” (எத்தனை நாளாக?) என்பதில் தொடங்கி, வார்டுக்குப் போகுமுன் நூறு வாக்கியமாவது கைவசம் இருக்கட்டும்.

கல்விக் கடனுக்குப் பூர்வீக வீட்டை அடமானம் வைக்கலாமா?
– தேவகோட்டை வாசகர்

7.5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் வங்கிகள் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். பத்துப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) பங்குள்ள வீடு இதற்கு உதவாது. பாகம் பிரியாத சொத்தில் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், அதில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். உங்கள் பெயரில் தனிப்பத்திரம் உள்ள மனையோ, வைப்புத்தொகையோ இருந்தால் வேலை சுலபம்.

கட்டணம் டாலரில் இருப்பதால் ஆண்டுக்கு ஆண்டு ரூபாய்க் கணக்கு கூடலாம். அதற்கும் இடம் விட்டுக் கடன் கேளுங்கள். பணத்தைக் கல்லூரியின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், ஏஜென்ட் கையில் ரொக்கம் வேண்டவே வேண்டாம். வங்கிக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி வசூலிக்கும் வரி) பிடித்தம் இல்லை. கைப்பணம் என்றால் நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டும்போதுதான் பிடிப்பார்கள்.

பேரனுக்கு என்ன கொடுத்துவிடலாம்?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, அரிசி வேண்டாம், அங்கேயும் சோறுதான். மசூர் பருப்பு எங்கும் கிடைக்கும். துவரம் பருப்பு எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதால் இரண்டு கிலோ கொடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம். அதிரசம் பூத்துவிடும். தேன்குழல், சீப்புச்சீடை, மனகோலம் தாங்கும். பொடிகளை நன்றாக ஆறவிட்டு, கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டுங்கள். சூடாக அடைத்தால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். ஊறுகாய் செக்-இன் பெட்டியில் போகட்டும். டாக்காவில் டெங்கு அதிகம், கொசுவலை கட்டாயம். ரம்ஜான் மாதத்தில் பகலில் கேன்டீன் மூடியிருக்கக்கூடும், அந்த நாட்களுக்கு அவலும் சத்துமாவும் கைகொடுக்கும்.

நேபாளம் எப்படி?
– புதுவயல் வாசகர்

இந்தியருக்கு விசா தேவையில்லை. படிப்பு நாலரை ஆண்டு, பயிற்சி ஓர் ஆண்டு. நீட் போக, அந்நாட்டு மருத்துவக் கல்வி ஆணையத்தின் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம், அதனால் கட்டணம் ரூபாயில் இருந்தால் டாலர் ஏற்றம் தாக்காது. விமானத்தில் போகப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், ஆதார் போதாது.

வங்கதேசத்தில் 2024-இல் நடந்ததுபோலக் கலவரம் வந்தால்?
– ஒரு தாய், கீழச்சிவல்பட்டி

உங்கள் பயம் நியாயமானது. அந்த ஜூலையில் இணையமே துண்டிக்கப்பட்டது, வாட்ஸ்அப் மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் தவித்துப்போயின. விடுதிக் கண்காணிப்பாளரின் எண்ணையும், இந்தியத் தூதரக எண்ணையும் காகிதத்தில் எழுதி வீட்டிலும் பிள்ளையின் பையிலும் வையுங்கள். சேர்ந்த வாரமே தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சிட்டகாங், ராஜ்ஷாஹி, சில்ஹெட், குல்னா நகரங்களிலும் துணைத் தூதரகங்கள் உண்டு. கல்லூரிக்குப் பக்கத்துத் தரைவழி எல்லை எது என்று முன்பே தெரிந்திருக்கட்டும்: சில்ஹெட்டுக்கு மேகாலயாவின் டாவ்கி, கொமிலா பக்கம் என்றால் அகர்தலா, ஜெசோருக்குப் பெட்ராபோல். பத்து நாள் செலவுக்கு வங்கதேசப் பணம் ரொக்கமாகவும், பாஸ்போர்ட்டும் விசா நகலும் ஒரே உறையிலும் இருக்க வேண்டும். விசா நீட்டிப்புக்காகப் பாஸ்போர்ட்டைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்தால் ரசீது வாங்கி, வேலை முடிந்த அன்றே திரும்பப் பெறச் சொல்லுங்கள்.