ஏரித் தண்ணீரைச் சோதித்த பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?

வணக்கம் டீச்சர். உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊர் ஏரித் தண்ணீரைச் சோதித்து சார்ட் ஒட்டிவிட்டார்கள், இப்போது பெற்றோர் "இதெல்லாம் சோறு போடுமா"ன்னு கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

தொழில் வழிகாட்டிப் பேச்செல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அதே ஏரித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுமதி வாங்கிப் பிள்ளைகளோடு போங்கள். வரத்து வாய்க்கால் பக்கம் ஒரு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு), மதகுப் பக்கம் வேறொரு டிடிஎஸ் என்று அவர்கள் நோட்டில் எழுதியதை அங்கே ஒருவர் சம்பளத்துக்குச் செய்துகொண்டிருப்பார், குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்ற இந்தியத் தர அளவோடு ஒப்பிட்டுக் கையெழுத்தும் போடுவார். என்ன படித்தீர்கள், எப்படி இங்கே வந்தீர்கள் என்று பிள்ளைகளே அவரிடம் கேட்கட்டும். நாம் சொல்வதைவிட அது ஆழமாக இறங்கும்.

இதைப் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் முன்னாலேயே செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வேதியியல் பிடித்த பிள்ளைக்கு ஆய்வகம், மாசுக் கட்டுப்பாடு என்று வழி இருக்கிறது. மரம், பறவை என்று அலைகிற பிள்ளைக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் இருக்கிறது. கல்லூரிக்கே போக முடியாத வீட்டுப் பிள்ளைக்கு ஐடிஐ முடித்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலோ சோலார் பேனல் பொருத்தும் வேலையிலோ சேர வழியுண்டு, தயவுசெய்து அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் வையுங்கள்.

அந்த நோட்டுகளை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அடுத்த வருஷப் பிள்ளைகள் அதே இடங்களில் அளந்து ஒப்பிடட்டும்.