களிறு கேள்வியை நீக்கிவிடலாமா?

கேள்வி: கல்லூரியில் தமிழ் முதலாமாண்டு மாணவர்கள் 60 பேருக்குச் சொற்பொருள் தேர்வு வைத்தேன். ‘களிறு’ என்பதற்கு 34 பேர் ஆண் யானை என்று சரியாகக் குறித்தார்கள். பெண் யானை 14, ஆண் பன்றி 10, குதிரை 2. கேள்வி கடினமா, கோளாறா?

பதில்: இந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தவறாகக் குறித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 27%, கீழே 27% எடுத்து ஒப்பிடுவது 1939இல் உளவியல் அளவீட்டு அறிஞர் கெல்லி காட்டிய வழி. உங்கள் வகுப்பில் அது 16 பேரும் 16 பேரும்.

நீங்கள் அனுப்பிய விடைத்தாள்களில் அப்படி எண்ணினேன். பெண் யானை: மேலே 1, கீழே 6. இது நல்ல தவறான விடை. யானை என்று தெரியும், களிறா பிடியா என்பதில் குழப்பம். அரைகுறையாகப் படித்தவரை அது சரியாகப் பிடிக்கிறது. குதிரையை 5% பேர்கூடத் தொடவில்லை; இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் பன்றியில். மேலே 6 பேர், கீழே 2 பேர்தான். நன்றாகப் படிப்பவர்களை ஒரு தவறான விடை அதிகம் இழுத்தால், முதலில் விடைக்குறிப்பைச் சந்தேகியுங்கள். தொல்காப்பிய மரபியல் களிறு என்ற பெயரை யானைக்குச் சொல்லிவிட்டு, ‘கேழற் கண்ணும் கடிவரை இன்றே’ என்று பன்றிக்கும் அனுமதிக்கிறது. யாரோ அதை நன்றாக நடத்தியிருக்கிறார்கள். ஒருவேளை நீங்களேதானோ?

கணக்கும் இதையே சொல்கிறது. சரியான விடை மேலே 9, கீழே 7. வித்தியாசத்தை 16ஆல் வகுத்தால் வேறுபடுத்தும் திறன், அதாவது நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு, 0.13. பொதுவாக 0.2க்குக் கீழே போனால் கேள்வியைத் திருத்த வேண்டும். பன்றியையும் சரி என்று கொண்டால் 15, 9. திறன் 0.38 ஆகிவிடுகிறது! 16 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஓரிருவர் மாறினாலே கணக்கு ஆடும். ஆனால் இங்கே இலக்கணமும் துணைக்கு இருக்கிறது.

அதனால் நீக்க வேண்டாம். அந்த 10 பேருக்கும் மதிப்பெண் கொடுங்கள். அடுத்த முறை பன்றிக்குப் பதில் ‘யானைக்கன்று’ வையுங்கள். களிற்றை, யானைக்கன்றைக் குறிக்கும் ‘களபம்’ என்ற சொல்லோடு குழப்புபவர்கள் அதில் விழுவார்கள். குதிரைக்கு மாற்று தேட வேண்டியதில்லை, மூன்று விடைகளே போதும்.