தங்கவயலுக்கு எதற்கு இத்தனை பக்கம்?

கேள்வி: பெங்களூருத் தமிழர்களுக்கான இதழ் என்கிறீர்கள். ஆனால் அடிக்கடி கோலார் தங்கவயல் கட்டுரைதான் வருகிறது. சுரங்கம் மூடி இருபது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்கு அது நம் நகரத்துக்கு வேலையாள் அனுப்பும் ஒரு புறநகர், அவ்வளவுதானே?
- ஒரு வாசகர், அல்சூர்

பதில்: இல்லை ஐயா, அவ்வளவுதான் இல்லை. பெங்களூரு வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905ல். தங்கவயலுக்கு 1902லேயே மின்சாரம் போய்விட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியை ஒட்டி மின்நிலையம் கட்டி, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்தது சுரங்கத்துக்காகத்தான். நம் தெருவிளக்கு அந்த ஏற்பாட்டின் மிச்சத்தில் வந்தது. அப்படிப்பட்ட ஊரைப் புறநகர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம் லாவெல் ரோடு யார் பெயரில் இருக்கிறது? 1875ல் தங்கவயலில் தோண்ட உரிமம் வாங்கியவர் பெயரில். ஆனால் 1802லேயே வாரன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் கண் முன்னால் வண்டியில் மண் கொண்டுவந்து, அலசி, தங்கத் துகளைக் காட்டியவர்கள் அந்தப் பகுதி கிராமத்து மக்கள். அவர்கள் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

ஊர் எப்படி அமைந்தது என்று பார்க்க வேண்டுமானால் பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலில் போங்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்கள் தெற்கு நோக்கி வரிசையாக வரும். தங்கம் தாங்கிய பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஓடுகிறது, ஊரும் அதன் மேலேயே நீண்டுவிட்டது. பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளம், அகலம் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். தங்கம் இருக்கும் அடுக்கோ மெல்லியது, செங்குத்தாகக் கீழே இறங்குவது. அதனால் ஆழம் ஆழமாகப் போனார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டியது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அழுத்தம் தாங்காமல் பாறை தானாக வெடிக்கும், மேலே வீடுகள் அதிரும். அதிர்ந்தால் பெண்கள், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாசலுக்கு ஓடுவார்கள்.

அந்த ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து வந்த நிலமில்லாத தலித் குடும்பத்தார். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை லைன் வீடு, நுரையீரலில் பாறைத் தூசு. இந்த நிலையிலும் மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்தை வளர்த்தார்கள், பள்ளி நடத்தினார்கள். 1930ல், எங்கள் கைரேகையை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டு மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெங்களூருத் தமிழர் வரலாறு என்று எழுதப் புகுந்தால் இதை விட்டுவிட்டு எப்படி எழுதுவது, சொல்லுங்கள்.

நூற்றிருபது ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28ல் பூட்டு விழுந்தது. கட்டுப்படியாகவில்லை என்றார்கள். சரி, சுரங்கம் கட்டுப்படியாகவில்லை. சுரங்கத்துக்காகவே குடியேற்றப்பட்ட ஊருக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள்? விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி, நம் கட்டடங்களிலும் கம்பெனிகளிலும் உழைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு வீடு சேர்கிறவர்களை ‘வேலையாள்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. அரைத்த பாறையிலிருந்து சயனைட் போட்டுத் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய கழிவு, 3 கோடி டன்னுக்கு மேல், ஊர் நடுவே மேடு மேடாகக் கிடக்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள் வந்து சோற்றில் விழுகிறது. யாருக்கோ லாபம் தந்த மண், அள்ளிப்போட ஆளில்லை. அந்த மேடுகளுக்கு யார் பொறுப்பு என்று அரசு தெளிவாகச் சொல்லும்வரை தங்கவயலுக்கு இந்த இதழில் பக்கம் உண்டு.