சட்டம் கேளுங்கள்: சிறுமியின் சாட்சியம்

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் மீது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு நடக்கிறது. 7 வயதாகும் என் மகளுக்குச் சம்மன் வந்திருக்கிறது. மாஜிஸ்திரேட்டிடம் ஒருமுறை எல்லாம் சொல்லிவிட்டாள். கோர்ட்டிலும் சொல்ல வேண்டுமா? அந்த ஆள் எதிரே நிற்பாரா? சின்னப் பிள்ளை பேச்சு எடுபடுமா?
- ஒரு தாய், கரூர்

பதில்: சொல்லத்தான் வேண்டும் அம்மா. மாஜிஸ்திரேட் எழுதிய வாக்குமூலம், கோர்ட்டில் அவள் சொல்வதற்கு வலு சேர்க்கும். அதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது.

ஆனால் அந்த ஆள் அவள் கண்ணில் படக்கூடாது. திரை, ஒருபக்கக் கண்ணாடி, காணொலி என்று போக்சோ 36-வது பிரிவு வழி சொல்கிறது. எது வேண்டும் என்று அரசு வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அன்று காலையில் கேட்டால் ஏற்பாடு நடக்காது. விசாரணை மூடிய அறையில். வக்கீல்கள் அவளை நேரடியாகக் கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க, அவர்தான் கேட்பார். களைத்தால் இடைவேளை உண்டு. நம்பிக்கையானவர் ஒருவர் கூட இருக்கலாம். நீங்களும் அந்த வழக்கில் சாட்சி என்றால் பாட்டியோ, குழந்தைகள் நலக் குழு நியமித்த ஆதரவு நபரோ இருப்பது நல்லது. இல்லையேல் 'தாய் கண்ஜாடை காட்டினார்' என்பார்கள்.

சாட்சிக்குக் குறைந்தபட்ச வயது கிடையாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சத்தியப் பிரமாணமும் கட்டாயமில்லை. பெயர், பள்ளி, டீச்சர், பொய் சொல்வது சரியா தப்பா என்று நீதிபதி முதலில் கேட்டுப் பார்ப்பார். கேள்வி புரிந்து பதில் சொன்னால் போதும். நம்பத்தக்கதாக இருந்தால் குழந்தையின் சாட்சியம் ஒன்றை வைத்தே தண்டனை கொடுக்கலாம்.

ஒத்திகை பார்த்தால் வழக்கு சறுக்கக்கூடும். தயவுசெய்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். 'அம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?' என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் நிச்சயம் வரும். 'உண்மையைச் சொல்லச் சொன்னாங்க' என்று அவளே சொல்வது வேறு; பெரியவர்கள் பேசும் வார்த்தையில் ஒப்பிப்பது வேறு. உடலுறுப்புக்கு வீட்டில் என்ன பெயரோ அதையே சொல்லட்டும், பதிவிலும் அதுவே ஏறட்டும். எழுதுபவர் ஏட்டுத் தமிழுக்கு மாற்றினால், 'குழந்தை இப்படிப் பேசுமா?' என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். தேதி நினைவில்லையா, 'தெரியலை' என்பதே சரியான பதில்.

வழக்கைக் கோர்ட் விசாரணைக்கு ஏற்ற 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியம் பதிவாக வேண்டும். தாமதமானால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். வாய்தா தள்ளிக்கொண்டே போனால் அரசு வழக்கறிஞர் மூலம் 35-வது பிரிவைச் சொல்லி மனுப் போடுங்கள். தனி வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.