கோச்சுக்கு மெயில் போட மூவாயிரம் டாலரா?

அக்கா வணக்கம்,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. நாங்க டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கோம். பொண்ணு பத்தாவது, சின்ன வயசுலேர்ந்து டென்னிஸ், இப்ப யூடிஆர் (ஜெயிச்சது தோத்ததை வெச்சுப் போடற டென்னிஸ் ரேட்டிங் நம்பர்) 7.6. காலேஜ் டீம்ல ஆடணும்னு ஆசை. ஜனவரில பத்துப் பன்னெண்டு டிவிஷன் ஒன் (காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல மேல் மட்டம்) கோச்சுங்களுக்கு அவளே மெயில் போட்டா. ரெண்டு பேர்கிட்டேர்ந்து சம்மர் கேம்ப் நோட்டீஸ் வந்துச்சு, மத்த யாரும் மூச்சே விடல. போன வாரம், காசு வாங்கிட்டு காலேஜ் டீம்ல எடம் தேட உதவற ஒரு ரெக்ரூட்டிங் சர்வீஸ்லேர்ந்து ஃபோன். ஃப்ரீ இவாலுவேஷன், ஆனா அப்பா அம்மா ரெண்டு பேரும் லைன்ல இருக்கணும்னாங்க. ஒரு மணி நேரம் பேசிட்டு 3,200 டாலர் பேக்கேஜ், இந்த வாரமே சேர்ந்தா 400 டாலர் தள்ளுபடின்னு முடிச்சாங்க. யாரும் பதில் போடலன்னா பொண்ணுக்கு எக்ஸ்போஷர் இல்லன்னு அர்த்தம், ஏற்கனவே லேட்டுன்னு வேற அந்த ஆள் சொல்லிட்டாரு, அதுலேர்ந்து என் வைஃபுக்குத் தூக்கமே இல்ல. உங்க பையன் காலேஜ்ல டென்னிஸ் ஆடினதா எழுதியிருந்தீங்க. கட்டலாமா?

ரா., ஃப்ரிஸ்கோ

தம்பி,

இப்ப கட்டாதீங்க. பின்னாடி வேணும்னா யோசிக்கலாம், ஆனா அந்த ஃபோன்ல பேசின ஆள்கிட்ட கட்டவே கட்டாதீங்க, ஏன்னா அவர் உங்ககிட்ட சொன்னது பாதி உண்மை கூட இல்ல.

பதில் ஏன் வரலன்னு பார்ப்போம். காலேஜ் ஸ்போர்ட்ஸை நடத்தற என்சிஏஏ ரூல் படி டென்னிஸ்ல ஒரு டிவிஷன் ஒன் கோச் பத்தாவது முடிஞ்ச ஜூன் 15 வரைக்கும் ரெக்ரூட்டிங் பத்தி உங்க பொண்ணுக்கு ஒரு வரி கூட எழுதக் கூடாது, ஃபோன் கூடாது, டெக்ஸ்ட் கூடாது. அதுக்கு முன்னாடி அவங்க அனுப்பக்கூடியது கேம்ப் நோட்டீஸ், கொஸ்டினேர் ஃபார்ம், இந்த மாதிரி சமாச்சாரம்தான். உங்களுக்கு என்ன வந்துச்சு? அதேதான் வந்துச்சு. அதுக்காக அந்த ரெண்டு கேம்ப் நோட்டீஸைப் பார்த்து ஆஹான்னு குதிக்கவும் வேணாம், அதை நூத்துக்கணக்கான பசங்களுக்கு மொத்தமா அனுப்புவாங்க, கேம்ப் ஃபீஸ் அவங்களுக்கு ஒரு வருமானம். ஆக ஜனவரில மெயில் போட்டு பிப்ரவரில பதில் வரலன்னா அதுல உங்க பொண்ணு ஆட்டத்தைப் பத்தி ஒரு சேதியும் இல்ல. இது அந்த சேல்ஸ் ஆளுக்குத் தெரியாம இருக்க சான்ஸே இல்ல, பொழப்பே அதுதானே. தெரிஞ்சுக்கிட்டே "எக்ஸ்போஷர் இல்ல"ன்னு சொல்லி ஒரு அம்மாவோட தூக்கத்தைக் கெடுத்து காசு வாங்கற ஆள்கிட்ட நாளைக்கு எந்த காலேஜ் சரிப்படும்னு எப்படி நம்பிக் கேப்பீங்க? தள்ளுபடி இந்த வாரம் போயிடும்னு பயம் வேணாம், ஃபோன் எடுக்காம இருந்து பாருங்க, அது 600 ஆகும்.

சரி, இந்த மாதிரி சர்வீஸ் என்னதான் செய்யறாங்கன்னா, ஒரு ப்ரொஃபைல் பேஜ் போடுவாங்க, வீடியோ ஏத்துவாங்க, கோச் லிஸ்ட் குடுப்பாங்க, மெயில் டெம்ப்ளேட் குடுப்பாங்க, அப்புறம் இத்தனை கோச் உங்க ப்ரொஃபைலைப் பார்த்தாங்கன்னு ஒரு எண்ணிக்கை காட்டுவாங்க, அந்த எண்ணிக்கையைப் பார்க்க மனசுக்கு சுகமா இருக்கும், அவ்ளோதான். கோச் பேர், மெயில் ஐடி எல்லாம் காலேஜ் அத்லெட்டிக்ஸ் சைட்லயே சும்மா கிடைக்கும். அதோட டென்னிஸ் நம்பர் வெச்சு ஓடற ஆட்டம். ஃபுட்பால்னா கூட எங்கேயோ ஒரு மூலைல யாரும் பார்க்காத பையன் இருக்கான்னு கதை விடலாம், இங்க கோச் யூடிஆரைத் தட்டினா உங்க பொண்ணு யார்கிட்ட எந்த ஸ்கோர்ல தோத்தா வரைக்கும் தெரிஞ்சிடும்.

அதே நம்பரை நீங்களும் தட்டலாம். ஒரு காலேஜை எடுத்துக்கோங்க, விமன்ஸ் டென்னிஸ் பேஜ்ல போன சீசன் ரிசல்ட்ஸ் இருக்கும். ஒரு மேட்சுக்கு ஆறு சிங்கிள்ஸ். நம்பர் ஒண்ணு, ரெண்டை விடுங்க, நாலு அஞ்சு ஆறுல யார் ஆடறாங்கன்னு பேரைக் குறிச்சு அவங்க யூடிஆரைப் பாருங்க. உங்க பொண்ணு அதுக்குப் பக்கத்துல இருந்தா அந்த கோச்சுக்கு மெயில் போடறதுல அர்த்தம் உண்டு, ரெண்டு பாயின்ட் கீழ இருந்தா எந்த சர்வீஸ் வந்தாலும் ஒண்ணும் நடக்காது. ஒரு சனிக்கிழமை உக்காந்தா இருபது காலேஜ் பார்த்துடலாம், அந்த இருபதுல டிவிஷன் த்ரீ காலேஜும் இருக்கட்டும், ஏன்னு கீழ சொல்றேன்.

மெயில் அவளே எழுதணும். அப்பா எழுதற மெயில் கோச்சுக்கு ரெண்டாவது வரிலயே தெரிஞ்சிடும். சப்ஜெக்ட்லயே பேர், 2028 கிராட், யூடிஆர், ஜிபிஏ (ஸ்கூல் மார்க் சராசரி). உள்ள ஏழெட்டு வரி, அதுல ஒண்ணாவது அந்த டீமைப் பத்தி இருக்கணும், எல்லாருக்கும் ஒரே மெயிலை அனுப்பினா கோச்சுக்கு உடனே தெரிஞ்சிடும். கீழ வீடியோ லிங்க், அடுத்து எந்த டோர்னமென்ட்ல ஆடப் போறான்ற தேதி. வீடியோவுக்கு ஃபோனை பேஸ்லைனுக்குப் பின்னாடி வேலில மாட்டிடுங்க, ரெண்டு பக்கமும் சர்வ், ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, அப்புறம் வெட்டாம ஒட்டாம சில கேம்ஸ், தோத்த பாயின்ட்டும் இருக்கட்டும். பாட்டு, ஸ்லோ மோஷன் எல்லாம் வேணவே வேணாம், என் பையன் முதல்ல போட்டதுக்கு அனிருத் பேக்ரவுண்டு, அவன் ஸ்கூல் கோச் பார்த்துட்டு சவுண்டை ஆஃப் பண்ணச் சொன்னார்.

இப்ப காசு கணக்குக்கு வரேன். 3,200 போட்டா ஸ்காலர்ஷிப்ல பல மடங்கா வரும்னு சொல்லியிருப்பாங்களே? ஹைஸ்கூல்ல ஆடற பசங்கள்ல அத்லெட்டிக் ஸ்காலர்ஷிப் வாங்கறவங்க 2 சதவீதம் மாதிரின்னு என்சிஏஏவே சொல்லுது. டிவிஷன் த்ரீல அத்லெட்டிக் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஐவி லீக்லயும் கிடையாது. டிவிஷன் ஒன் டென்னிஸ்லயோ பாதிக்கு மேல வெளிநாட்டுப் பிள்ளைங்க, ஐரோப்பால ப்ரோ டோர்னமென்ட் ஆடிட்டு வர்ற பத்தொம்பது இருபது வயசுப் பொண்ணுங்க கூட உங்க பொண்ணு மோதணும். 2025 ஜூன்ல கோர்ட் ஒத்துக்கிட்ட ஹவுஸ் செட்டில்மென்ட்டுக்கு (காலேஜ் ஆட்டக்காரங்க என்சிஏஏ மேல போட்ட கேஸ்ல ஆன சமரசம்) அப்புறம் அதுல சேர்ந்த காலேஜ்கள்ல ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போயி ரோஸ்டர் வரம்பு (டீம்ல இத்தனை பேர்தான்னு) வந்திருக்கு, டென்னிஸுக்கு 10 பேர்தான். எல்லாருக்கும் ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு ஆச்சே தவிர குடுத்தே ஆகணும்னு இல்ல, அதோட கடைசில ஒரு எடம் குடுத்து வளர்த்துப் பார்க்கலாம்ன்ற பழக்கமும் சுருங்குது.

அதனாலதான் டிவிஷன் த்ரீ, டிவிஷன் த்ரீன்னு சொல்லிட்டே இருக்கேன். நம்ம ஆளுங்க அதைக் கேட்டா மூணாந்தரம்னு நெனச்சு மூஞ்சியைச் சுளிப்பாங்க. எம்ஐடி, யுனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ, எமரி, கார்னகி மெலன், என்ஒய்யூ எல்லாம் டென்னிஸ்ல டிவிஷன் த்ரீதான் தெரியுமா. அங்க கோச்சுக்கு ஜூன் 15 கட்டுப்பாடும் இல்ல, இன்னிக்கே மெயில் போட்டா இன்னிக்கே பதில் போடலாம். பிடிச்சிருந்தா பதினொண்ணாவது முடிஞ்ச சம்மர்ல டிரான்ஸ்க்ரிப்ட்டை அனுப்பு, அட்மிஷன் ஆஃபீஸ்ல காட்டறேன்பாங்க, ப்ரீ-ரீட்னு பேரு. அந்த எடத்துல மார்க்கும் கோர்ஸும்தான் பேசும், யூடிஆர் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் சமாளிக்கலாம். வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல ஆகற காலேஜ்கள் இதெல்லாம், அதனால ஒவ்வொரு காலேஜ் சைட்லயும் இருக்கற, உதவி போக உங்க கைலேர்ந்து எவ்வளவு ஆகும்னு காட்டற நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்ல உங்க வருமானத்தை இப்பவே போட்டுப் பார்த்துடுங்க, வைஃபும் பக்கத்துல இருக்கட்டும்.

காசு குடுக்கறதே தப்புன்னு நான் சொல்ல வரல. சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ இருந்துக்கிட்டு பிள்ளையை இங்க அனுப்ப நினைக்கறவங்களுக்கு என்சிஏஏ கேக்கற 16 கோர் கோர்ஸ் (ஹைஸ்கூல்ல படிச்சிருக்க வேண்டிய பாடங்கள்) கணக்கு, ஆடற தகுதியைச் சரிபார்க்கற எலிஜிபிலிட்டி சென்டர், விசா, நேரம் மாறின ஃபோன் காலெல்லாம் தலையைச் சுத்தும், அவங்க ஒரு ஆளை வெச்சுக்கறது நியாயம். இங்கயே கூட பழைய காலேஜ் கோச் யாராவது மணிக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு லிஸ்ட்டைப் பார்த்து இது வேஸ்ட், இது சரின்னு சொல்வாங்கன்னா அதுக்குக் குடுக்கலாம். ஆனா கிடைக்கற ஸ்காலர்ஷிப்ல இத்தனை பர்சன்ட்னு யாராவது கேட்டா எழுந்து வந்துடுங்க. அப்படி வாங்கறவர் என்சிஏஏ கணக்குல ஏஜென்ட், பிள்ளையோட எலிஜிபிலிட்டியே போயிடும். கோச் எனக்கு நல்லா தெரியும், பேசி முடிச்சுத் தரேன்னு யாராவது சொன்னாலும் அதே மாதிரி ஓடி வந்துடுங்க. 2019ல வெடிச்ச வார்சிட்டி ப்ளூஸ் கேஸ்ல (லஞ்சம் குடுத்து பிள்ளைங்களை ஆட்டக்காரங்கன்னு பொய்யா காட்டி காலேஜ்ல சேர்த்த கேஸ்) டென்னிஸ் கோச்சும் உள்ள போனார்.

ஒண்ணு நீங்க எழுதல, உங்க பொண்ணு கிரீன் கார்டா, ஹெச்-4ஆன்னு (ஹெச்-1பி வேலை விசால இருக்கறவங்க குடும்பத்துக்குக் குடுக்கற விசா). ஹெச்-4ன்னா ஃபெடரல் எய்ட் கிடையாது, காலேஜ் தன் கைக்காசுலேர்ந்து குடுக்கறது மட்டும்தான், அதுலயும் சில காலேஜ் வெளிநாட்டு மாணவர் கணக்குல வெச்சுதான் பார்ப்பாங்க. லிஸ்ட் போடறப்பவே ஒவ்வொரு எய்ட் ஆஃபீஸுக்கும் இதைக் கேட்டு மெயில் போட்டுடுங்க. இந்த மெயிலை மட்டும் நீங்க எழுதலாம்.